செல்லப் பாத்தி

போன வாரம் கீரைக்காரர் வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்ட இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். சாத்தியவர் கீரைக்காரரான மாமனார். வெளியில் நின்றவள் மூத்த மருமகள். அவள் அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள் என்று கேட்டால், உண்மையைச் சொன்னாள். ஒரு குடும்பத்தில் அதைவிடப் பெரிய குற்றம் வேறு என்ன இருக்கிறது?

ஆற்றங்கரை வயலின் மண்ணில் ஈயம் இருக்கிறது. கொஞ்சநஞ்சம் அல்ல, இருக்கலாம் என்று சொல்லும் அளவைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அதில் விளையும் கீரையை யாரும் சாப்பிடக் கூடாது. இதுதான் அவள் சொன்ன சேதி. அவள் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அந்த மண்ணைக் காயவைத்து, அரைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்துப் பார்த்ததும் அவளேதான். ஊரார் மண் என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பாள். இது சாப்பிடும் வீட்டு மண்ணாகப் போய்விட்டது.

ஆற்றின் மேற்பக்கத்தில் ஒருகாலத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. முதலாளி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. அவர் கழுவிவிட்ட ஈயம் மட்டும் எங்கேயும் போகாமல் ஆற்றின் அடிமண்ணில் உட்கார்ந்திருந்தது.

மாமனார் மேல் ஆயிரம் குறை சொல்லலாம். வாயைத் திறந்தால் வயல் பேச்சுத்தான். வெள்ளம் வடிந்ததும் ஆற்றுப் படுகையில் படிந்திருக்கும் வண்டலைக் கூடை கூடையாக அள்ளி வந்து வயலில் கொட்டுவார். கொட்டியதை அடுத்த வெள்ளம் வரும்வரை சொல்லிக் காட்டுவார். சந்தையில் அவருக்கு வண்டல்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆனால் தெரிந்தே ஒருவர் தட்டில் விஷம் வைக்கிற ஆள் இல்லை. சேதி கேட்ட அன்றே கீரை அறுப்பதை நிறுத்திவிட்டார். கூடவே மருமகளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். சாத்திய கதவை அப்புறம் திறந்துவிட்டது மாமியார்தான்.

இந்த இடத்தில்தான் கொழுந்தன் உள்ளே நுழைந்தான். பைக் மெக்கானிக். எந்தச் சிக்கலையும் ஒரு ஸ்பானரில் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவன். செங்கல் சூளை நடத்தும் ஒருவரைப் பிடித்து, வயலை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைத்துவிட்டான். இன்று சாயங்காலம் சூளைக்காரர் வயலுக்கே வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. மாமனார் அதற்குச் சொன்னது ஒரே வார்த்தை: "வரட்டும்."

வயல் கைமாறினால் அந்த மனிதர் காலையில் எழுந்து எங்கே போவார் என்று நினைத்துப் பார்க்கவே மருமகளுக்குத் தைரியம் வரவில்லை. தன் வாயால் போன வயல் என்று ஆகிவிடும். அப்புறம் அந்த வீட்டில் எந்த முகத்தோடு ஒரு வாய் சாப்பிடுவது?

அதனால்தான் இன்று அவள் லீவு போட்டிருந்தாள்.

காலையில் சமையலறை வழியாகக் கறுப்புப் பெட்டியோடு நழுவப் பார்த்தவளை மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"எங்கே கிளம்பிட்ட, பெட்டியும் கையுமா? அம்மா வீட்டுக்கா?"

"வயலுக்கு, அத்தை."

"வயலுக்குப் போக எதுக்குப் பெட்டி?"

"மண்ணு மேல வச்சா ஈயம் எவ்வளவுன்னு அங்கேயே காட்டுற மெஷின். ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்திருக்கேன். நாளைக்குக் காலையில திருப்பிக் குடுக்கணும்."

மாமியார் அடுப்பைச் சிறிதாக்கினாள். "ஒரு தரம் பார்த்ததுக்கே வீடு சாவு விழுந்த வீடு மாதிரி கெடக்கு. ரெண்டாந்தரம் வேறயா?"

"ஒரு வயல் முழுக்க ஒரே மாதிரி இவ்வளவு இருக்குமான்னு எங்க லேப் மேடம் கேட்டாங்க அத்தை. எங்கெங்கே எடுத்த மண்ணுன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை."

உண்மையிலேயே தெரியவில்லை. வேறு யாருடைய வயலாக இருந்தாலும் அவளே போயிருப்பாள். நாலு மூலையிலும் நடுவிலும் வளைந்து வளைந்து நடந்து, பல இடத்தில் எடுத்துக் கலந்திருப்பாள். இங்கே அப்படிச் செய்யவில்லை. வாழ்நாள் முழுக்க அந்த வயலைக் கொத்தியவருக்கு மண் எடுப்பது எப்படி என்று நேற்று வந்த மருமகள் பாடம் எடுப்பதா? மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்த கதையாகிவிடும். "கொஞ்சம் மண்ணு எடுத்துக் குடுங்க மாமா" என்று ஒரு பையைக் கையில் கொடுத்ததோடு சரி. மரியாதை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தாள்.

மாமியார் டீயை நீட்டினாள். "குடிச்சிட்டுப் போ. வெறும் வயித்தோட போய் மயங்கி விழுந்து வைக்காத. அதுக்கும் ஈயம்தான் காரணம்னு சொல்லுவ."

அந்த வீட்டில் அன்பு என்பது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வரும். மருமகள் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

வயல் ரோட்டோரத்தில் உயரமாகத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, ஆற்றங்கரையில் போய் முடியும். அறுக்காமல் விட்ட கீரை இடுப்புயரம் வளர்ந்து பூ வைத்திருந்தது. மோட்டார் அறை வாசலில், கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் மாமனார் உட்கார்ந்திருந்தார். மருமகள் வருவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே ஆற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

முதுகுக்குக் கோபம் காட்டத் தெரியும் என்பதை அவரிடம்தான் பார்க்க வேண்டும்.

மருமகள் மேட்டுப் பாத்தியில் இறங்கினாள். மேல் மண்ணை விலக்கி, கொத்தி, கல்லையும் வேரையும் எடுத்துவிட்டுக் காகிதத்தில் பரப்பி வெயிலில் வைத்தாள். ஈரத்தோடு பார்த்தால் கருவி குறைத்துக் காட்டும். ஒரு பாத்தியில் ஒரு இடம் என்று இல்லாமல் வளைந்து வளைந்து நடந்து எடுத்தாள். பிற்பகலுக்குள் வரப்பு நெடுகிலும் காகிதங்கள் காய்ந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் பாரமாக.

கொழுந்தன் கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தான்.

"என்ன அண்ணி, துப்பாக்கி எல்லாம் வச்சிருக்கீங்க? சூளைக்காரர் வந்தா சுட்டுருவீங்களா?"

பெட்டியிலிருந்து எடுத்த கருவி பார்க்க அப்படித்தான் இருந்தது. கைப்பிடி, விசை, பின்பக்கம் ஒரு சின்னத் திரை.

"தள்ளி நில்லு தம்பி. உள்ள எக்ஸ்ரே இருக்கு. ஆளுங்க பக்கம் திருப்பக் கூடாது."

காய்ந்த முதல் மண்ணின் மேல் வைத்து விசையை அழுத்தினாள். திரையில் எண்கள் கொஞ்ச நேரம் தடுமாறின, பிறகு நின்றன.

அவள் மறுபடி அழுத்தினாள். அடுத்த காகிதத்துக்குப் போனாள். அதற்கடுத்ததுக்கும் போனாள்.

"என்ன ஆச்சு?"

"குறைவா இருக்கு."

"குறைவுன்னா நல்லதுதானே, அதுக்கு எதுக்கு மூஞ்சி இப்படிப் போகுது?"

நல்லதுதான். ஆனால் கருவி சரியாக இருந்தால் அவள் ஆய்வுக்கூடத்தில் பார்த்தது பொய். அவள் பார்த்தது சரியென்றால் இந்தக் கருவி பொய். இரண்டில் ஒன்று. பெட்டிக்குள் ஈய அளவு தெரிந்த மண் ஒரு சின்னக் குப்பியில் இருந்தது, கருவியைச் சோதிப்பதற்கென்றே கொடுப்பது. அதன்மேல் வைத்துப் பார்த்தாள். கருவி அச்சுப் பிசகாமல் சரியாகச் சொன்னது.

 அப்படியென்றால் தப்பு செய்தது அவள்தானா? இல்லாத விஷத்தைச் சொல்லி ஒரு மனிதரின் வாயையும் வயலையும் கட்டிப்போட்டாளா?

கொழுந்தன் அதையே வாய்விட்டுக் கேட்டான். "அப்போ உங்க லேப்தான் தப்பா அண்ணி? வீட்டையே கவுத்துப் போட்டுட்டு, இப்போ ஒண்ணும் இல்லைன்னா எப்படி?"

"இரு. கீழ இன்னும் பார்க்கலை."

நடுப் பாத்திகளில் கொஞ்சம் ஏறியது, பயப்படும்படி இல்லை. இன்னும் கீழே இறங்கினார்கள். ஆற்றை ஒட்டி ஒரு பெரிய பாத்தி. வயலிலேயே அழகான பாத்தி அதுதான். மண் கறுப்பாக, மாவு மாதிரி, ஒரு கல் இல்லாமல் இருக்கும். கீரை கொழுகொழுவென்று இலை விரித்திருக்கும். மாமனார் காலையில் வந்ததும் முதலில் பார்ப்பதும் சாயங்காலம் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். வீட்டில் அதற்குச் செல்லப் பாத்தி என்று பெயர்.

அந்த மண்ணின் மேல் கருவியை வைத்தாள். எண்கள் ஏறின. ஏறிக்கொண்டே போயின. நின்ற இடத்தைப் பார்த்ததும் கொழுந்தனே வாயை மூடிக்கொண்டான்.

ஆய்வுக்கூடத்தில் அவள் பார்த்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது.

சரியாக அந்த நேரத்தில் மாமியார் சாப்பாட்டுத் தூக்கோடு வரப்பில் இறங்கி வந்தாள். "உச்சி வெயில் தாண்டிருச்சு. அப்பனுக்கும் பசிக்காது, பிள்ளைக்கும் பசிக்காது, இப்போ இவளும் சேர்ந்தாச்சு."

"அத்தை, அன்னைக்கு மாமா எங்கேர்ந்து மண்ணு எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? நான்தானே கூட நின்னேன்." மாமியார் தூக்கைக் கீழே வைத்தாள். "மருமக ஆபீஸுக்குப் போற மண்ணுன்னு அந்த மனுஷன் பண்ணின அலப்பறை இருக்கே. குளிச்சிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. மேட்டுப் பாத்தியில எடுக்கலாம்னு நான்தான் சொன்னேன். அதுல கல்லு இருக்கு, நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு அதையா அனுப்புறதுன்னு என் மேல எரிஞ்சு விழுந்தாரு. பை நிறைய இந்தப் பாத்தி மண்ணுதான். சலிச்சு வேற போட்டாரு."

போட்டோ எடுக்கக் கூட்டிப் போகும் பிள்ளைக்குத் தலை வாரிப் பவுடர் பூசுவது போல, மாமனார் தன் வயலைச் சிங்காரித்து அனுப்பியிருக்கிறார். மருமகளின் ஆபீஸில் மருமகளுக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதே என்று.

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணில் நீர் வந்தது. "இதை ஏன் அத்தை யாரும் சொல்லலை?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான்.

அடுத்த கேள்வியை அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் பாத்தி மட்டும் ஏன் இப்படி? ஆற்றுக்குப் பக்கம் என்பதாலா? ஆறு தானாக இவ்வளவு மண்ணைக் கரையேற்றி வைக்காது. கூடை கூடையாக ஏற்றிவைத்தவர் அதோ மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மேட்டுப் பாத்திகளுக்குச் சுமந்து ஏறுவது பெரும்பாடு, அங்கெல்லாம் மாட்டுச் சாணமும் இலைக்குப்பையும்தான். வண்டல் முழுக்க இங்கே. எவ்வளவு செல்லமோ அவ்வளவு ஈயம்.

கொழுந்தனுக்கும் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, ஒண்ணு சொல்றேன். மேட்டுப் பாத்தி சுத்தமா இருக்குன்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லுங்க. வண்டலைப் பத்தி வாயைத் திறக்காதீங்க. அந்த ஆளு தாங்க மாட்டாரு."

"நீதானே வயலை விக்கலாம்னு சொன்ன?"

"விக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? தினமும் அவர் இங்க வந்து அந்தக் கூடை மேல உட்கார்ந்து கெடக்கிறதைப் பார்க்க முடியலை. அதான்." அவன் கையிலிருந்த கிரீஸைப் புல்லில் தேய்த்தான். தேய்க்கிற அளவுக்கு அங்கே கிரீஸ் எதுவும் மிச்சமில்லை.

அவன் சொன்னதில் இரக்கம் இருந்தது. ஆனால் அடுத்த வெள்ளம் வடிந்ததும் அந்த மனிதர் கூடையை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்குவார். கீழ்ப் பாத்தி கெட்டுவிட்டது என்றால், இனி மேட்டுப் பாத்திக்கே சுமப்பார். மருமகள் கருவியை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்கு நடந்தாள்.  

"மாமா."

முதுகு அசையவில்லை.

"மாமா, மேட்டுப் பாத்தியில ஈயம் ரொம்பக் குறைவு. நடுவுலயும் பயப்படுற மாதிரி இல்லை. செல்லப் பாத்தியில மட்டும்தான் இருக்கு. அன்னைக்கு அந்த மண்ணைத்தான் நீங்க குடுத்திருக்கீங்க. நான் எங்கே எடுத்தீங்கன்னு கேட்டிருக்கணும். கேட்காதது என் தப்பு."

முதுகு மெல்லத் திரும்பியது.

"அந்தப் பாத்தியில மட்டும் ஏன்?"

இத்தனை நாளில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. அதற்கான பதிலோ, சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்கிற பதில்.

"ஆத்து வண்டல்ல இருக்கு மாமா. பட்டறையிலேர்ந்து வந்தது அடியில படிஞ்சிருக்கு. வெள்ளம் அதைக் கிளறி நம்ம பக்கம் ஒதுக்குது."

 தூரத்தில் மாமியார் தூக்கைத் திறக்காமலே நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ ஆறு கொண்டு வந்து போடலை," என்றார் கடைசியில். "நான்தான் போட்டிருக்கேன். என் தலையில சுமந்து."

"தெரியாமப் போட்டது மாமா."

"தெரிஞ்சு போட்டதா தெரியாமப் போட்டதான்னு ஈயத்துக்குத் தெரியுமா?"

அவர் எழுந்து, செல்லப் பாத்தியின் ஓரத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். ஒரு பிடி மண்ணை அள்ளியவர், ஞாபகம் வந்து கீழே போட்டார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து மருமகளிடம் நீட்டினார்.

"இதுல வச்சுப் பாரு. எனக்குள்ள எவ்வளவு இருக்குன்னு."

"மனுஷங்க மேல அதை வைக்கக் கூடாது மாமா. அதுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கணும். நாம எல்லாருமே பார்த்துக்கணும். இப்போ கையைக் கழுவுங்க."

தண்ணீர்த் தொட்டியில் அவர் கையைக் கழுவினார். மருமகள் சோப்பை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவினார்.

"இதுக்கு மருந்து இருக்கா?"

"முழுசா வெளியே எடுக்கிறது கஷ்டம். கட்டிப் போடலாம். சுண்ணாம்பு போட்டு, தொழுஉரம் நிறையக் குடுத்தா ஈயம் மண்ணோடயே ஒட்டிக்கும், செடிக்குள்ள சுலபமா ஏறாது. அப்பவும் அந்தப் பாத்தியில கீரை வேண்டாம், கிழங்கும் வேண்டாம். பூ போடலாம்."

"பூவா?"

"பூவை யாரும் சமைக்கப் போறதில்லையே."

"எத்தனை வருஷத்துக்கு?"

"நிறைய வருஷத்துக்கு மாமா. பொய் சொல்ல மாட்டேன்."

"மேட்டுப் பாத்தி நல்லா இருக்குன்னு நிச்சயமாத் தெரியுமா, இல்ல என் மனசு ஆறணும்னு சொல்றியா?"

"இன்னைக்குப் பார்த்த வரைக்கும் நல்லா இருக்கு. லேப்ல முறையாப் பார்த்ததும் நிச்சயமாச் சொல்றேன். அதுவரைக்கும் அறுக்க வேண்டாம்."

அவர் அவளைப் பார்த்தார். நல்ல சேதியைக்கூட இவ்வளவு கறாராகச் சொல்கிற பெண், கெட்ட சேதியை மட்டும் கூட்டிச் சொல்லியிருப்பாளா? அவர் முகத்தில் அது ஓடியது.  மாமனார்கள் இதையெல்லாம் வாயால் சொல்வதில்லை.

"சாப்பாட்டைப் போடு," என்றார் மாமியாரைப் பார்த்து. "மூணு பேருக்கும் போடு. இவளுக்கு முதல்ல."

வெயில் தாழ்ந்ததும் சூளைக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், மோசம் சொல்ல முடியாது. நேராகச் செல்லப் பாத்திக்குப் போனார். மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"இந்த மண்ணு கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். செங்கல்லு கையில வழுவழுன்னு வரும்."

"கையைக் கழுவிக்குங்க," என்றார் மாமனார். "வயலைக் குடுக்கிறதா இல்லை."

சூளைக்காரர் கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் தன் பைக்கின் டயரில் காற்று இருக்கிறதா என்று அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான்.

"ஊரெல்லாம் விஷ மண்ணுன்னு பேசுது. நாளைக்கு வேற யார் வாங்குவாங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

"விஷம் இருக்குன்னு தெரிஞ்ச மண்ணை இன்னொருத்தர் தலையில கட்டக் கூடாதுன்னு ஒண்ணு. அதை எடுத்துச் சுட்டு நீங்க நூறு வீட்டுச் செவுத்துல வைப்பீங்க. இன்னொண்ணு..." மாமனார் பாத்தியைப் பார்த்தார். "உடம்பு சரியில்லாத பிள்ளையை யாராவது வீட்டை விட்டு அனுப்புவாங்களா? நான் பார்த்துக்கறேன். அதைக் கெடுத்ததும் நான்தானே."

சூளைக்காரர் தொட்டிப் பக்கம் நடந்தார். கையை நன்றாகவே கழுவிக்கொண்டு, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போனார்.

வண்டி கண்ணுக்கு மறைவதற்குள் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செல்லப் பாத்தியில் இறங்கிவிட்டார். கீரையை வேரோடு பிடுங்கத் தொடங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. கொழுந்தன் எதிர்ப்பக்கத்திலிருந்து பிடுங்கினான். மருமகள் சாக்குப் பிடித்தாள்.

"குப்பைக் குழியில போட வேண்டாம் மாமா. மாட்டுக்கும் வேண்டாம். சாக்குல கட்டி வைங்க, எங்கே போடணும்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்."

"அதுக்கும் இடம் பார்க்கணுமா?" என்றாள் மாமியார். "மாப்பிள்ளை பார்க்கிறதை விடப் பெரிய பாடா இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார், ஈரக் கண்ணோடு. வயல் தப்பியது. பாதிக்கு மேல் நல்ல மண். வரும் வருடம் ஆற்றோரத்தில் பூ. மருமகளுக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. சாக்கைக் கட்டிக்கொண்டே, ஆய்வுக்கூடத்தில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டாள்.

"மாமா, இந்த வண்டலை வேற எங்கேயாவது போட்டீங்களா?"

"வேற எங்கே? இங்கதான். ஒரு தரம் மோட்டார் ரூம் பக்கத்துல கொஞ்சம். அப்புறம்..."

அவர் கையில் இருந்த கீரை கீழே விழுந்தது.

"என்னங்க?" என்றாள் மாமியார்.

"நம்ம பொண்ணு," என்றார். "புது வீட்டுக்குப் போனப்போ, பின்பக்கம் தோட்டம் போடணும், மண்ணு நல்லா இல்லைப்பான்னு சொன்னா. ஒரு வண்டி நிறைய அனுப்பி வச்சேனே."

முந்தைய வாரங்களில் கைக்குழந்தையோடு வந்து தங்கிப் போன அந்தச் சின்ன மகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்து ஊர்தான், வண்டியில் போனால் சற்று நேரத்தில் போய்விடலாம். மாமனார் போனை எடுத்தார். எண் மாறி மாறி விழுந்தது. மருமகள் வாங்கி, அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக் கொடுத்தாள்.

"என்னப்பா, அதிசயமா நீங்களே கூப்பிடுறீங்க?"

"தோட்டத்துக் கீரையை இனிமே பறிக்காதம்மா."

"இப்பத்தான் பறிச்சு அடுப்புல வச்சிருக்கேன். பாப்பாவுக்கு இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு வாய் மசிச்சு ஊட்டலாம்னு."

"அடுப்பை அணை. முதல்ல அணை. அப்புறம் பேசலாம்."

அந்தப் பக்கம் அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. மாமியார் கண்ணை மூடித் திறந்தாள். மருமகள் போனை வாங்கி எல்லாவற்றையும் சொன்னாள், பயமுறுத்தாமல், ஆனால் எதையும் மறைக்காமல். பாப்பாவை மண்ணில் விளையாட விட வேண்டாம் என்றாள். கருவி கையில் இருக்கிறது, இன்றைக்கே வந்து பார்த்துவிடுகிறேன் என்றாள்.

நாத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் மெல்லிய குரலில் சொன்னாள். "பாப்பா சாப்பிடலை அண்ணி. ஆனா நான் தினமும் சாப்பிட்டிருக்கேனே. அவளுக்கு என் பால்தானே குடுக்கிறேன். இப்போ பசிக்கு அழறா. குடுக்கலாமா, கூடாதா?"

மண்ணைப் பற்றி எது கேட்டாலும் பதில் வைத்திருந்த மருமகளுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன். பிரசவம் பார்த்த டாக்டரம்மா வீடு நான் வர்ற வழியிலதான் இருக்கு. கேட்டுட்டு அங்கேர்ந்தே கூப்பிடுறேன். பயப்படாம பாப்பாவைத் தூக்கி வச்சுக்கோ."

போனின் அந்தப் பக்கம் குழந்தையின் அழுகை இப்போது நன்றாகவே கேட்டது.

கொழுந்தன் அதற்குள் அண்ணியின் ஸ்கூட்டரை வரப்போரம் உருட்டிக்கொண்டு வந்து, ஸ்டார்ட் செய்து நிறுத்தியிருந்தான். மாமனார் கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். மருமகள் ஓட்டும் வண்டியில் அவர் இதுவரை ஏறியதே இல்லை.

"ஓட்டும்மா," என்றார்.

அவள் வண்டியை முறுக்கினாள். மேட்டில் ஏறும்போது அவர் ஒரு கையால் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.